ஆதாயம் உள்ளவர்கள் வெளியே

"ஏம்மா, பள்ளிக்கூடத்துக்கும் போறதில்ல, வாயத் தொறந்து பேசுறதும் இல்ல. உன்ன எதுக்கு இங்க கூட்டிட்டு வந்திருக்காங்க?" என்று ரோஸமண்ட் என்னைக் கேட்டாள். எங்கள் ஊர்க் கவுன்சிலின் தலைவி அவள். நான் என் காலணிகளைப் பார்த்தேன். "கூட்டம்னா ஆள் வேணும்ல, அதான்," என்றாள் அம்மா. வேடிக்கை பார்க்க வந்திருந்தது நாங்கள் இருவரும் தலைவியின் கணவர் நைஜலும்தான். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து வைக்க ரோஸமண்ட் அவரைக் கூட்டிவருவாள்.

தேவாலயக் கூடத்துக்கு வெளியே, ஊர்த் திடலில், எங்கள் மீன் வறுவல் வண்டியில் அப்பா எண்ணெய் காய வைத்துக்கொண்டிருந்தார். வண்டி இனி வெள்ளிக்கிழமைகளில் அங்கே நிற்கலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. கூடாதென்றால் போக எங்களுக்கு வேறு ஊர் இல்லை. சுற்றிலும் மற்ற வண்டிகள் இடம் பிடித்துவிட்டன. அழகிய கிராமப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள், ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் எண்ணெய் நாற்றமா என்பது தலைவியின் வாதம்.

கவுன்சில் விதிப்படி, ஒரு விஷயத்தில் தனக்கு ஆதாயம் உள்ள உறுப்பினர் வாக்கெடுப்புக்கு முன் வெளியே போய்விட வேண்டும். உறுப்பினர்கள் ஐந்து பேரில் எங்கள் பக்கம் யார் யார் என்று ரோஸமண்டுக்குத் தெரியும்.

"ரெஜினால்ட், வண்டிக்காரி உங்க அண்ணன் மக. எழுந்திரிங்க," என்று பேனாவால் அம்மாவைக் காட்டினாள்.

"மழையிலயா?" என்று முனகிக்கொண்டே கிழவர் வாசல் வரை போய் நின்றுகொண்டார்.

"தெல்மா, நீயும்."

"நான் என்னடி பண்ணேன்?"

"வாரா வாரம் வாங்கித் திங்கிறல்ல? வண்டி இங்கயே நின்னா உனக்கு ஆதாயம்தானே?"

"பசிக்கிறதுகூட ஆதாயமாடி உனக்கு?" தெல்மா கைப்பையை உதறிக்கொண்டு போனாள்.

"சாப்பிடுறவங்களுக்கும் ஆதாயம்," என்று எழுத்தர் பிளென்கின் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்.

மீதி மூன்று பேர். ரோஸமண்டும், அவள் இருமினால்கூடத் தலையாட்டும் இருவரும்.

அம்மா முழங்கையால் என்னை இடித்தாள். ஏனென்று எனக்குத் தெரியும். வெள்ளிதோறும் நைஜல் நாயைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் வருவார். அவர் கேட்கும் முன்பே நான் பொட்டலம் கட்டிவிடுவேன். கல்லறைச் சுவரோரம் நின்று தின்று, புதினா மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இலைதழை பரிமாறக் காத்திருக்கும் மனைவியிடம் போவார். இப்போது என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"சொல்லுடி," என்றாள் அம்மா. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

நைஜல் எழுந்து நின்றார். "நானும் வாங்குறேன், ரோஸ்."

"என்னத்த?"

"பெரிய மீனு. வினிகர்ல ஊறுன முட்டை ஒண்ணு."

"எப்பருந்து?"

"நாய்க்கு நடை வேணும்னு நீ சொன்னதுலருந்து."

வாசலில் ரெஜினால்ட் சிரிப்பை இருமலாக்கப் பார்த்துத் தோற்றார். பிளென்கின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "புருஷனோட ஆதாயம் பொஞ்சாதிக்கும் ஆதாயந்தான், மேடம். நீங்களும் வெளிய போகணும். அப்புறம் ரெண்டே பேரு. மூணு பேர் இல்லாம கூட்டம் செல்லாது. அடுத்த கூட்டம் வரைக்கும் வண்டி நிக்கலாம்."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ரோஸமண்ட் பேனாவை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தாள். முப்பது வருஷமாகத் தன் வீட்டில் குடியிருந்த யாரோ ஒருவரை முதல்முறை பார்ப்பதுபோல நைஜலைப் பார்த்தாள். பிறகு நடந்து மழைக்குள் இறங்கினாள். கதவை அவள் மூடவில்லை. சூடான எண்ணெய் வாசம் கூடம் முழுக்க நிறைந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்த யாருக்கும் மனம் வரவில்லை.