பெயர் அழித்த கிண்ணம்

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவளால் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. மறுபடியும் எழுந்து, கைக்குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, கூடத்தை ஒட்டியிருந்த கடைக்குள் நுழைந்தாள்.

"இன்னிக்காவது ஒரு இடத்துல இருக்க மாட்டியா?" என்றாள் அம்மா.

அப்பா பழைய வெள்ளி வியாபாரி. ஞானஸ்நானப் பரிசுக்கென்று கிண்ணம், ஸ்பூன், கிலுகிலுப்பை. எந்தக் காலத்துக் குழந்தைக்கோ செய்தது, அது கிழமாகிப் போய்ச் சேர்ந்தபின் அவரிடம் வரும். பழைய பெயரை அழித்துப் புதுக் குழந்தையின் பெயரை வெட்டிக் கொடுப்பார். ஊருக்கெல்லாம் பெயர் வெட்டிய மனிதர், மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவள் பெயரை மட்டும் வாயால் சொல்லவில்லை.

அவள் தேடியது தன் ஞானஸ்நானக் கிண்ணத்தை. அலமாரியின் மேல்தட்டில் அது பழையபடி இருந்தால், அப்பா தன்னை அடியோடு வெறுக்கவில்லை என்று நம்பலாம். மேல்தட்டு காலியாக இருந்தது.

பின்னாலேயே வந்த அண்ணன், "கீழ விக்கிற தட்டுல பாரு," என்றான். "நீ போன கையோட பேரை அழிச்சுட்டாரு."

எடுத்துப் பார்த்தாள். பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

"பின்ன ஏன் விக்கல? ஒருத்தரும் கேக்கலையா?"

"கேக்காம என்ன? அப்பாதான் ஓட்டைம்பாரு, கோணல்ம்பாரு. இதுல எங்க ஓட்டைன்னு நானே தண்ணி ஊத்திப் பாத்துட்டேன்."

கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய வெள்ளி எது வந்தாலும் அப்பா முதலில் வாயருகே வைத்து ஊதுவார். மேலாகத் தேய்த்திருந்தால் மூச்சு பட்டதும் பழைய பெயர் எழும்பிவிடும். "அரைகுறைப் பய வேலை" என்று திட்டுவார். அவரே அழித்தால் உள்பக்கம் தட்டித் தட்டிச் சமமாக்கித் தேய்ப்பார். அதற்கப்புறம் எவன் ஊதினாலும் ஒன்றும் தெரியாது.

"பெட்டியை மூடப் போறாங்க, வாங்க ரெண்டு பேரும்," என்று அம்மா கூப்பிட்டாள்.

அண்ணன் போனான். அவள் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோய் 'ஹா' என்று மூச்சு விட்டாள். வெள்ளி மங்கியது. அந்த மங்கலில் அவள் பெயர், அப்பா எப்போதும் வெட்டும் சாய்ந்த எழுத்தில், ஒரு புள்ளி குறையாமல் வந்தது. வந்து மறைந்தது.

"வர்றேம்மா."

சொன்னாளே தவிர நகரவில்லை. அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் சரிசெய்துகொண்டு, இன்னொரு முறை ஊதினாள்.