பெல்பாட்டம் எழுத்து

நான் எழுத்துரு வரைகிறவள். கடைசியாக வரைந்தது நல்ல தடித்த எழுத்து. கோடு நடுவில் சற்று ஒடுங்கி, முனைக்கு வர வர விரியும். சினிமா போஸ்டரிலும் டீத்தூள் பாக்கெட்டிலும் அமர்க்களமாக இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, "என்னடி, எழுத்துக்கெல்லாம் பெல்பாட்டம் மாட்டி விட்டிருக்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த விரிவு எதற்கு என்று யார் கேட்டாலும், அழகுக்கு என்பதைத் தாண்டி என்னிடமும் பதில் இல்லை.

அத்தானுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை அவருடையது. மோட்டாரை இப்போதும் கைத்தடவலிலேயே கழற்றி மாட்டிவிடுவார். ஆனால் சுவர் நிறைய டிராயர்கள். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் அக்காவைக் கூப்பிட வேண்டும். பிரெய்லி புள்ளி எழுத்து பழகிப் பார்த்தார். காய்த்துப்போன விரலுக்கு அது பிடிபடவில்லை.

"கேட்டுக் கேட்டு வேலை செய்யறதுக்கு வித்துட்டே போயிடலாம்," என்றார். வாங்குவதற்கு ஒருவர் தயாராக இருந்தார். அக்காவும் சரியென்று சொல்லிவிட்டாள்.

என் எழுத்தை விரல் படிக்குமா என்று எனக்கு ஓர் அரிப்பு. நேம்போர்டு கடையில் தடித்த பிளாஸ்டிக்கில் வெட்டி, டிராயருக்கு ஒன்றாக ஒட்டினேன். வாஷருக்கு வ, பேரிங்குக்கு ப.

அத்தான் நிதானமாகத் தடவினார். "கோடு எங்க முடியுதுன்னு சட்டுனு தெரியுது. முனையில விரல் போய் நிக்குது. ஆனா இந்த வ ஏன் ப-வை விட உசரமா இருக்கு? படுத்த கோடு ஏன் இளைச்சுப் போச்சு? எது எதுன்னு குழம்புது."

"வளைஞ்ச எழுத்தைக் கொஞ்சம் பெருசா வரைஞ்சாதான் கண்ணுக்கு ஒரே அளவா தெரியும், அத்தான். படுத்த கோடும் அப்படித்தான், இளைச்சாதான் சமமா தெரியும்."

"அப்ப கண்ணுக்கு லஞ்சம் குடுத்திருக்க," என்று சிரித்தார். "விரலுக்கு அதெல்லாம் வேணாம்மா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கண்ணே இல்லாத இடத்துக்குக் கண்ணுக்கான வித்தையை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்த வித்தைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லா எழுத்தும் ஒரே உயரம், எல்லாக் கோடும் ஒரே தடிமன். நடு ஒடுக்கத்தையும் முனை விரிவையும் மட்டும் விட்டுவைத்தேன், முன்னைவிடக் கொஞ்சம் கூட்டியே. திரையில் பார்க்கச் சகிக்கவில்லை. வெட்டி வந்ததைக் கண்ணை மூடித் தடவினேன். கச்சிதமாக இருந்தது.

மறுபடி ஒட்டிய அன்று அத்தான் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். எழுந்து டிராயர் பக்கம் வந்தார். விரல் ஒரு எழுத்தைத் தொட்டது, நகர்ந்தது, அடுத்ததில் நின்றது. அக்கா பழக்கதோஷத்தில் "அதுக்குக் கீழ..." என்று ஆரம்பித்தாள். அவள் கையை அழுத்திப் பிடித்தேன்.

அத்தான் விரலைக் கீழே இறக்கினார். வ-வின் முனையைக் கட்டைவிரலால் ஒருமுறை வருடினார். டிராயரை இழுத்தார், வாஷரை எடுத்தார், மோட்டாரிடம் போய் உட்கார்ந்தார். அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"பட்டறையை விலைக்குக் கேட்டவர்கிட்ட சொல்லிடு," என்றார், தலை நிமிராமல். "இங்க ஆள் இருக்குன்னு."