தேசிக்காயில் ஊறிய கல்

பதின்மூன்று கோடி வருடப் பழசுக்கு அலவி சொன்ன விலை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். கேட்ட வெள்ளைக்காரருக்கு விலையில் குறையில்லை, கல்தான் அழுக்காம். பண்டாரவளைக்குப் போய் மாலை ரயிலில் திரும்புவாராம், அதற்குள் சுத்தமாயிருந்தால் எடுப்பாராம்.

கல் அலவியுடையதே அல்ல. பள்ளியில் ரசாயனம் படிப்பிக்கும் செல்வநாயகி டீச்சருடையது. கடலுயிர் ஒன்றின் ஓடு கல்லாய் இறுகியது, வெளிநாட்டு நூதனசாலையில் வேலை செய்யும் தம்பி அனுப்பியது. சனிக்கிழமைப் பள்ளிக் கண்காட்சிக்கு அதை வைக்க வெல்வெட் பதித்த ஒரு பித்தளைப் பெட்டி வேண்டும் என்று, அளவுக்காக அலவியின் பித்தளைக் கடையில் விட்டுப் போயிருந்தார். கல் தொலைந்துவிட்டது என்று டீச்சரிடம் கண் கலங்கினால் போயிற்று. அலவி அதற்கு ஒத்திகையும் பார்த்துவிட்டான்.

குத்துவிளக்குக்குச் செய்வதுபோல ஆறு தேசிக்காயைப் பிழிந்து, அந்த எலுமிச்சைச் சாற்றுக்குள் கல்லைப் போட்டான். நுரை கிளம்பியது. பக்கத்துக் கடை ஜாபிர் எட்டிப் பார்த்தான்.

"என்ன நானா, கல்லுக்கும் சர்பத்தா?"

"ஒன்ட வேலயப் பாருடா!"

பின்னேரம் எடுத்தபோது சாம்பல் நிறத் தோல் முழுவதும் கரைந்திருந்தது. ஓட்டின் வரிகளும் மழுங்கியிருந்தன. மாலை ரயில் வந்தது, வெள்ளைக்காரர் வரவில்லை. டீச்சர் வந்தார்.

"புள்ளைகள் பாக்கிறதுதானே டீச்சர், மினுங்கட்டுமேண்டு தேசிக்காய்ல போட்டேன்."

டீச்சர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தத் தோல்தான் முதலாளி முக்கியம். இது சிப்பி மாதிரி, ஆனால் சிப்பியில்லை. வெயில் எட்டாத ஆழ்கடலிலை, அடிமண்ணிலயிருந்து கசிஞ்ச வாயுவை நம்பிச் சீவிச்ச உயிர். அதுக்குச் சாட்சி அந்தத் தோல் ஒண்டுதான்."

உண்மை அலவியின் நாக்கு நுனிவரை வந்து, திரும்பி இறங்கிப் போயிற்று.

"பிழை என்னிலை," என்றார் டீச்சர். "புளிப்புப் பட்டால் கரையும் எண்டு நானெல்லோ சொல்லியிருக்க வேணும். நீங்கள் நல்லெண்ணத்திலை செய்தனீங்கள்."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

"பெட்டிக்குக் காசு வாணாம் டீச்சர்."

"அது சரிவராது. தேசிக்காய்க் காசையும் சேருங்கோ. பிள்ளையளுக்காக மினக்கெட்டுப்போட்டு நீங்கள் நட்டப்படக் கூடாது."

ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற மனுஷி, இன்று பேசவில்லை. அலவி இரண்டு தரம் மறுத்தான். மூன்றாம் தரமும் மறுத்தால் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து கையை நீட்டினான்.

கடைக் கணக்குக் கொப்பியில் எழுதினான்: பெட்டி முந்நூறு. தேசிக்காய் ஆறு, பதினெட்டு. வரவு முந்நூற்றுப் பதினெட்டு. கல், பாக்கி.