விளிம்பில் பள்ளம் உள்ள இரும்பு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூசுகிறது. மனைவி இறந்த வருடத்திலேயே ஒருவன் துருப்பிடித்த இரும்பைப் பற்றி ஆசையாகக் கதை எழுதலாமா? எழுதுகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் புதிதாக வரும் சிறுவர் பூங்காவுக்காக, கடலூரிலிருந்து ஒரு பழைய மரப்படகை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிள்ளைகள் ஏறி விளையாட. அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் நான். படகைக் கழுவிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி துரைராஜ், அடிப்பலகைக்குக் கீழிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சாண் நீளம். தலை உளியினுடையது, சுத்தியல் அடி பட்டு மழுங்கியிருந்தது. வாய் உளியினுடையது அல்ல. விசிறிபோல விரிந்து, கூர் இல்லாமல், விளிம்பு நெடுக ஒரு பள்ளம்.

"என்னங்க சார் இது?"

"தெரியலியே."

"அப்ப சாமி சாமானா இருக்கும். எனக்கு வாணாம், நீங்களே வச்சிக்கினு இருங்க."

2

முதல் தொடக்கம்: "கடல் தன் ரகசியத்தை ஒரு படகின் வயிற்றில்—" [நிறுத்திவிட்டேன். நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு என்ன கடல் பேச்சு.]

இரண்டாவது: "தமயந்தி போன பிறகு நான்—" [இதையும். அவளை முதல் வரியில் நிறுத்தி உங்களிடம் இரக்கம் வாங்கப் பார்த்தேன்.]

தமயந்தி என் மனைவி. மார்ச்சில் காய்ச்சலில் இறந்தாள். இதை இன்னொரு முறை சொல்லமாட்டேன்.

3

டவுன்ஷிப்பில் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். சுரங்கம் தெரியும், கடல் தெரியாது. இரும்பை யாரிடம் காட்டினாலும் அது அவரவர் டிபார்ட்மென்ட் சாமானாகிவிட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் கருணாகரன் அண்ணன் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கிறார்.

"பெல்ட் ஜாயின்ட் பிரிக்கிற டூல், தம்பி. பழைய மாடல்."

"படகுல ஏதுண்ணே பெல்ட்டு?"

"ஏன், உள்ள எறங்கிப் பாத்தியா?"

அவர் மனைவி காயத்ரி அக்கா எட்டிப் பார்த்தார். "தோசைத் திருப்பி அது. இவரு சுடுற தோசைக்கு அதுதான் வேணும். கூட ஒரு சுத்தியலும்."

நான் சிரித்தேன், சத்தமாக. காயத்ரி அக்கா கணவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தமயந்தி போனதிலிருந்து எங்கள் பக்கச் சுவரில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் படம் இருக்கும் பக்கம் போகவில்லை. [இங்கே "படத்தில் அவளும் சிரித்தாள்" என்று எழுதி அடித்தேன்.]

4

இதைப் பார்த்ததும் சொல்லக்கூடிய ஒருவர் உண்டு. தமயந்தியின் அப்பா பன்னீர்செல்வம். கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர். கருமாதி முடிந்த பிறகு ஞாயிறுதோறும் எனக்கு போன் செய்தார். நான் எடுக்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. போன் அடிக்கும், நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். இப்போது நானாகக் கூப்பிட வேண்டும். அதுவும் ஓர் இரும்புக்காக.

இந்த இடத்தில் இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. மாமனார் அளவுக்கு மீறி நல்லவராக வருகிறார், நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு வரைவில், சாவு வீட்டில் அவர் என் சட்டையைப் பிடித்து "எம் பொண்ணு எங்கடா" என்று கேட்பதாக எழுதினேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்கு இலை போடச் சொன்னார். சட்டையைப் பிடித்திருந்தால் போனை எடுத்திருப்பேனோ என்னவோ.

5

வீடியோ காலில் கூப்பிட்டேன். என் முகம் தெரியாதபடி கேமராவை இரும்பின் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மாப்ளயா? நல்லா இருக்கீங்களா?"

"ம். மாமா, இது என்னன்னு தெரியுமா? ஒரு படகுல கெடந்துச்சு."

மாமா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். பின்னாலிருந்து அத்தை, "அய்ய, அது நம்ம—" என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா கெட, கஸ்தூரி." மாமா தொண்டையைச் செருமினார். "தெரியலியே மாப்ள. போன்ல ஒண்ணும் வெளங்கல. எடுத்துக்கினு வூட்டுக்கு வாங்க. கையில வாங்கிப் பாத்தாதான் சொல்ல முடியும்."

"சரி மாமா."

"ஞாயித்துக்கெழம வாங்க. சங்கரா மீன் எடுத்து வெக்கிறேன்."

6

மறுநாள் பூங்காவில், படகின் இரண்டு பலகைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் அதன் வாயைப் பொருத்திப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே எடுத்தபோது கூடவே தார் பிடித்த பஞ்சுத் திரி ஒன்று வந்தது. பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் திரி அடித்து இறுக்கும் இரும்பு.* மர்மம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போக இனிக் காரணம் இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

* இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். இதை வைத்து "மனங்களின் இடைவெளியை" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

7

ஐந்தாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அத்தையின் அறுந்த வாக்கியம் கண்ணில் பட்டது. எழுதும்போது வீட்டுச் சத்தமாக மட்டும்தான் அதைப் போட்டிருந்தேன். "அது நம்ம—". நம்ம, என்ன?

சின்ன வயதில் அப்பாவின் படகுக்குப் பஞ்சு திரித்துக் கொடுப்பது தன் வேலை என்று தமயந்தி ஒருமுறை சொன்னாள். அவர் அடிக்க அடிக்க இவள் திரியை நீட்டிக்கொண்டே போவாளாம். விரலெல்லாம் எண்ணெய் என்றாள். நான் செல்போனைப் பார்த்தபடி "ம்" என்றேன்.

அவருக்குத் தெரியும். பார்த்ததுமே தெரிந்திருக்கும். இருந்தும் தெரியலியே என்று சொல்லி வீட்டுக்கு வரச் சொன்னார்.

நல்லவராக வருகிறார் என்று நான் சந்தேகப்பட்டது இவரைத்தான்.

8

முடிவுகள்.

ஒன்று: போன் செய்து "தெரிஞ்சிடுச்சு மாமா" என்கிறேன். அவர் "அப்டியா" என்கிறார். கதை நெய்வேலியிலேயே முடிகிறது. வடிவம் கச்சிதமாக இருக்கிறது.

இரண்டு: அவர் வீட்டு வாசலில் அழுகிறேன். [எனக்கு அழுகை வருவதில்லை. வரும் என்று எழுதினால் பொய்.]

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. இரும்பைத் துடைக்காமல் செய்தித்தாளில் சுற்றிவிட்டேன். பள்ளத்தில் ஒட்டியிருந்த பஞ்சைக் குண்டூசியால் எடுத்தாயிற்று, இருந்தால் எனக்குத் தெரிந்துவிட்டதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாளை ஞாயிறு. குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூர் போகும் பஸ்.

உங்களுக்குத்தான் அது என்னவென்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் என்ன என்று கேட்டால், தெரியவில்லை, ஒருவரிடம் கேட்கத்தான் போகிறேன் என்பேன்.

நீங்களும் தெரியாதவர்போலவே இருங்கள்.