குமிழ் வந்தால் ஓடு

என் அம்மா ஜெயம்மாள் எமனுக்கே பயப்படாதவள். தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தண்ணீருக்கு மட்டும் பயப்படுவாள். பேரணாம்பட்டு டேனரியில் மூடிக் கிடந்த கழிவுத் தொட்டிக்குள் அப்பா இறங்கியபோது, அடியிலிருந்து குமிழ் குமிழாக விஷவாயு கிளம்பியது. ஏறி வர அவருக்கு நேரமில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: குமிழ் வந்தால் ஓடு.

அப்பேர்ப்பட்டவளின் மகள் நான், வேலூர்க் கல்லூரியில் அதே தண்ணீரை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறேன். விஷயம் தெரிந்ததும் அம்மா சோற்றைத் தொடவில்லை.

"என் கண்ணால பாக்குறேன். புடிக்கலன்னா படிப்ப வுட்டுட்டு என்கூட தீப்பெட்டி கம்பெனிக்கி வந்துரு பூர்ணிமா" என்றாள். சொன்னால் செய்கிறவள். மறுநாளே அவளைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன்.

கல்லூரி மொட்டைமாடியில் உச்சி வெயில். டேனரியில் தோலின் மயிரை நீக்கப் பயன்படுத்திய தண்ணீரை வடிகட்டி, மஞ்சள் நிறத் தூள் ஒன்றைக் கலந்து, கண்ணாடிக் குடுவையில் அடைத்து வைத்திருந்தேன். மேலே போர்த்தியிருந்த கறுப்புத் துணியை எடுத்தேன். வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் கடுகளவு குமிழ்கள் முளைத்து ஏறத் தொடங்கின.

"ஓடுடி!"

அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்த இழுப்பில் மாடிப்படி வரை போய் விழுந்தேன். முந்தானையால் என் மூக்கைப் பொத்தி, என் மேல் கவிழ்ந்துகொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது.

"ம்மா, இது அந்த காத்து இல்லம்மா. வெயிலு தண்ணிய ஒடைக்குது. வர்றது ஹைட்ரஜன். அடுப்பெரிக்கலாம், வண்டி ஓட்டலாம்."

"இன்னாடி கத வுடுற? தண்ணி எங்கனா எரியுமா?"

சின்னக் குழாயில் வாயுவைப் பிடித்துக் கவிழ்த்து நீட்டினேன். அம்மா தன் பையிலிருந்த குடியாத்தம் தீப்பெட்டியை எடுத்து, நம்பாமலே உரசினாள்.

பட்!

துள்ளிவிட்டாள். சுடர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. குழாயின் உள்பக்கம் மட்டும் பனி படிந்தாற்போல் ஈரம்.

"இன்னா இது?"

"தண்ணி. எரிஞ்சா மறுபடியும் தண்ணியாயிடும்."

எத்தனையோ தடவை பார்த்தவள்தான் நான். அன்று அவள் கண் வழியாகப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அம்மா ஈரத்தை விரலால் துடைத்து முகர்ந்தாள். "நாத்தமே இல்லியே" என்றாள். பிறகு கண் கூச, வெயிலை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

"அந்தத் தொட்டிய மூடியே வெச்சிருந்தானுங்கடி. ஒரு நாளு கூட வெயிலு படல."

வெயில் மட்டும் பட்டால் போதாதம்மா, தூளும் வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா மெல்லப் போய்க் குடுவையருகே குந்தினாள். குமிழ்கள் அவள் முகத்துக்கு நேராக ஏறிக்கொண்டிருந்தன. அவள் ஓடவில்லை.

"இன்னொரு தபா புடி" என்று அடுத்த குச்சியை எடுத்தாள்.