நோன்பு மாதத்தில் ருசி பார்க்க வந்தவர்

கிளறன்ஸ் சேர் ஒரு திட்டத்தைப் போட்டுவிட்டால் பிறகு சூரியன்கூட அவரைக் கேட்டுத்தான் உதிக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்து, "வெள்ளிக்கிழமை, மடவளை, பகல் பன்னிரண்டுக்கு ருசி பார்க்கிறோம்" என்றபோதே, அந்தப் பக்கத்துப் பேக்கரிகளுக்குக் கம்பெனிச் சாமான் விற்கும் அனற் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சேர், இது நோன்பு மாசம். பாரூக் நானாட பேக்கரியில எல்லாருமே நோன்பு. பகல்ல யாரு ருசி பாக்குறது? அதோட வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை வேற."

"அனற், பிளான் மேலிடத்துக்குப் போயாச்சு. எனக்குப் படிப்பிக்க வர வேணாம்."

அதோடு விட்டாரா மனுஷன்? பாரூக்கின் பேக்கரி இந்தத் தடவையும் கம்பெனி மாஜரினை, அந்தத் தாவர எண்ணெய் வெண்ணெயை, வாங்காவிட்டால் மடவளை, குண்டசாலை, தெல்தெனிய மூன்று ஊர் விற்பனையும் கூட வேலை செய்யும் பிறையனுக்கு. அவள் கொழும்பில் ஸ்டோர்ஸ் சாவியை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றார். வயிற்றில் பிள்ளை இருந்த காலத்தில்கூடத் தெல்தெனிய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பிடித்த கடைகள் அவை. குண்டசாலையில் பஸ் எங்கே நிற்கும் என்றுகூடத் தெரியாதவன் பிறையன். அவனுக்காம்! அனற்றுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சேர் அவளை ஏற்றிக்கொண்டு போகக் கோட்டும் டையுமாக அவள் வீட்டு வாசலில் காரில் வந்து இறங்கினார். மாஜரின் பெட்டி பின் சீட்டில், நல்ல வெயிலில் இருந்தது. "ஐஸ்ல வைப்போம் சேர்" என்றாள். "கார்ல ஏசி இருக்கு" என்றார். சரி, உங்க கார், உங்க ஏசி என்று விட்டுவிட்டாள். காரில் ஏறி உட்கார்ந்த அவளுடைய மடியில் ஐஸ் கட்டி போட்டு மூடிய தனிப் பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கட்டுகஸ்தோட்டை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அவர்கள் மடவளை போய்ச் சேரும்போது பாரூக் ஜும்மாவுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். சேர் பெட்டியைத் திறந்து, ஒரு பாண் ரொட்டித் துண்டில் தடவி, அந்த மனுஷனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நோன்பு, சேர்" என்றார் பாரூக்.

"ஒரு கடிதானே?"

அனற் கண்ணை மூடிக்கொண்டாள். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. பாரூக் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே ஷட்டரை இழுத்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக் கேட்டது. சேர் பாண் துண்டும் கையுமாகத் தெருவில் நின்றார்.

காரை எடுக்கலாம் என்று பார்த்தால் முன்னால் பின்னால் எல்லாம் தொழுகைக்கு வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள். ஓர் அடி நகர வழியில்லை. பின் சீட்டில் மாஜரின் உருகி, சேர் கழற்றி வைத்த கோட்டுக்குள் இறங்கியிருந்தது. பசி வேறு. சாப்பாட்டுக் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. மனுஷன் கடைசியில் பேப்பரை விரித்துப் பிடித்து, அதற்குப் பின்னால் குனிந்து அதே பாண் துண்டைத் தின்றார். அனற் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

"போதும். இந்தப் பைக் எல்லாம் எடுத்தவுடனே போறோம். அடுத்த கிழமை பிறையன் வருவான்" என்றார் சேர்.

சிரிப்பு நின்றுவிட்டது. அனற் கதவைத் திறந்து, ஐஸ் பெட்டியோடு இறங்கினாள்.

"நீங்க போங்க சேர். நான் வரல்ல. மாஜரின் ஓடர் எடுக்காம இந்த ஊரை விட்டு அசைய மாட்டேன்."

"அனற், இது ஓடர்! நான் சொல்றேன்!"

"எனக்கு வேண்டிய ஓடர் அது இல்ல சேர்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள்.

பாரூக் தொழுதுவிட்டு வந்ததும் நேரே கேட்டாள். "நானா, இன்னைக்கு நோன்பு தொறக்க இறைச்சி வெச்சுப் பொரிச்சு விக்கிற பெட்டிஸ்ல ஒரு தட்டு என்னோட மாஜரின்ல போடுங்க."

பாரூக் தாடியைத் தடவினார். "தங்கச்சி, வெளங்குதா? நாங்க ஒருத்தரும் ருசி பாக்க ஏலாது. உப்புக் கூடினா, நாள் முழுக்கப் பசியோட இருந்த சனம் என்னைத்தான் ஏசும். ஊரே ஏசும்."

"மாவை நான் ருசி பாக்குறேன். எனக்கு இன்னைக்கு இறைச்சிதான் ஆகாது, மா ஆகும்."

உள்ளேயிருந்து பாரூக்கின் மனைவி ஸனா எட்டிப் பார்த்தாள். "ஓ, ஒங்கட சேர்ச்லயும் தவக்காலமல்லோ! வெள்ளிக்கிழமைல இறைச்சி தின்ன மாட்டீங்க."

"ஆமா ராத்தா. நீங்க உப்பு பாக்க ஏலாது, நான் இறைச்சி பாக்க ஏலாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு பெட்டிஸ் போடலாம்."

ஸனா சிரித்த சிரிப்பில் பாரூக்கும் தலையை ஆட்டிவிட்டார். கம்பெனி மாஜரினில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதனால் மாவுக்குப் போடும் உப்பில் பாதியைக் குறைக்கச் சொன்னாள் அனற். இறைச்சி வைக்காத வெறும் மா ஓடு ஒன்றைப் பொரித்து, யார் கண்ணிலும் படாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கடித்தாள். மொறுமொறுவென்று இருந்தது. உப்பும் அளவாக இருந்தது.

பின்னேரம் கடை வாசலில் சனம் நெருக்கியது. அந்தத் தட்டும் விற்று முடிந்துவிட்டது, வீட்டுக்கென்று எடுத்து வைத்த கொஞ்சத்தைத் தவிர. சேர் ஏன் போகவில்லை என்கிறீர்களா? கோட்டு முழுக்க எண்ணெய், ஸ்டியரிங்கில் எண்ணெய், கார்ச் சாவி எண்ணெய்க்குள் எங்கேயோ. தேடிப் பிடித்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. பாரூக்தான் பாவம் பார்த்து, "வாங்க சேர், ஒண்டா இருந்து திம்போம்" என்று உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையைப் போட்டுக் கொடுத்தார்.

நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிக் கேட்டது. பாரூக் ஈத்தம்பழம் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கஞ்சியையும் ஆறுதலாகக் குடித்தார். அதற்குப் பிறகுதான் பெட்டிஸைக் கையில் எடுத்தார். அனற் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடவளையும் குண்டசாலையும் தெல்தெனியவும் இப்போது அந்த மனுஷனின் வாய்க்குள் அல்லவா இருந்தன. அவர் மென்றார், விழுங்கினார், இன்னொன்றை எடுத்தார்.

"திங்கக்கிழமைல இருந்து அனுப்புங்க" என்றார்.

அவ்வளவுதான். அனற் ஒரு சொல் பேசுவதற்குள் சேர் ஃபோனைக் காதில் வைத்துவிட்டார். ஒரு கையில் பெட்டிஸ், அது மூன்றாவது. "யெஸ் சேர், மடவளை நம்ம கையில. நான் போட்ட பிளான்தான்..."

அடப்பாவி! அனற் எழும்பிப் போய் ஃபோனுக்குக் கேட்கும்படியே சொன்னாள். "பகல் பன்னிரண்டு மணி பிளானா, இப்ப நடந்த பிளானா? அதையும் சொல்லுங்க சேர்."

சேர் பதறிப்போய் ஃபோனை அணைத்தார். பிறகு முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு பாரூக் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை பிறையன்னு ஒருத்தர் வருவார்."

"வரட்டும் சேர்" என்றார் பாரூக். "வந்தா தேத்தண்ணி குடுப்பேன். ஓடர் அனற்றுக்குத்தான்."

"மேலிடத்துக்கும் நானே இப்ப அடிச்சுச் சொல்றேன்" என்றாள் அனற், தன் ஃபோனை எடுத்து. "என்னோட ஏரியாவுக்கு நான்தான் வருவேன். ஸ்டோர்ஸ் சாவியைப் பிறையனுக்கே குடுங்க."

சேர் பதிலுக்கு வாயைத் திறந்தார். வாய் நிறையப் பெட்டிஸ். அப்போது ஸனா ஒரு சின்னத் தட்டோடு வந்தாள். அதில் முக்கோணமாக மடித்த பெட்டிஸ் ஒன்று, அனற்றுக்கென்று உருளைக்கிழங்கு வைத்துத் தனியாகப் போட்டது. கொடுத்துவிட்டு அவள் சேரைப் பார்த்தாள். டையைக் கழற்றியிருந்த அவர் கழுத்தில் தொங்கிய சின்னச் சிலுவையையும் பார்த்தாள்.

"அல்லாஹ், சேர்! ஒங்களுக்கும் இண்டைக்கு வெள்ளிக்கிழமைதானே?"

சேரின் தாடை அப்படியே நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அனற் தன் முக்கோணத்தை ஆறுதலாக ஒரு கடி கடித்தாள். "முழுங்குங்க சேர்" என்றாள். "பாவசங்கீர்த்தனத்துக்கு நான் ஃபாதர்கிட்ட நேரம் கேட்டு வைக்கிறேன். பகல் பன்னிரண்டு மணி சரிதானே?"