எலுமிச்சைக் குடாவில் விஜயராணி

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. காட்டூர் பஸ் ஸ்டாப்பில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், "விஜயராணி டீச்சர் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் நின்னுபோச்சாம் சார். அம்மா தாய்லாந்து போயிட்டு வந்தாங்கள்ல..." என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதே இல்லை என்று நினைத்தார். நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்கத் திட்டுதான். கிழித்துப் போட்டேன். மிச்சம் இது.

2

முதல் தொடக்கம்: 'விடிந்தும் விடியாத வேளையில் நீலக் கடல் தன்...' வேண்டாம். நான் தாய்லாந்தைப் பார்த்ததில்லை.

இரண்டாவது: 'கணவனை இழந்த விஜயராணி...' இதுவும் வேண்டாம். அப்படி ஆரம்பித்தால் நீங்கள் பரிதாபப்படத் தயாராகிவிடுவீர்கள். அவர் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். விசில் ஊதினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவருக்கு உங்கள் பரிதாபம் எதற்கு?

நேராகவே சொல்கிறேன். விஜயராணியும், அதே பள்ளியில் பயாலஜி எடுத்த சாரா பீவியும் திருச்சியில் விமானம் ஏறி பாங்காக் போனார்கள். அங்கிருந்து ரயிலில் தெற்கே, பிரச்சுவாப் என்ற கடலோர ஊருக்கு.

(சாரா பீவியை மத நல்லிணக்கத்துக்காக நான் சேர்த்துக்கொண்டதாகச் சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிட்டவர்கள் வேறு யாரோடு போவார்கள்?)

"அங்க ஒரு குரங்கு சார், கண்ணைச் சுத்தி வெள்ளை வட்டம், கண்ணாடி போட்ட மாதிரி," என்றார் சாரா பீவி. "குட்டி மட்டும் ஆரஞ்சு கலரு. மாஷா அல்லாஹ், பாத்துக்கிட்டே இருக்கலாம்."

தேசியப் பூங்கா ஒன்றில் படகேறி, மலையேறி, ஒரு குகைக்குள் இறங்கியிருக்கிறார்கள். "கூரை இடிஞ்சு வானம் தெரியுது," என்றார் விஜயராணி. "உள்ள சின்னதா ஒரு மண்டபம். வெயில் நேரா அது மேல மட்டும் விழுந்துச்சு." ஊருக்குத் திரும்பியதும் குன்றின் மேலிருந்த புத்தர் கோயிலில் விஜயராணி தாமரை மொட்டு வைத்துக் கும்பிட்டார். சாரா பீவி வெளியே நின்று செருப்பைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றினார்.

கடைசி நாள், எலுமிச்சைக் குடா என்று பொருள்படும் பெயருள்ள கடற்கரை. விஜயராணி முக்கொம்புப் பக்கம் பிறந்தவர், சிறுவயதில் காவிரியில் நீந்தியவர். கல்யாணத்துக்குப் பிறகு நீந்தியதில்லை. அன்று டி-ஷர்ட்டும் பேன்ட்டுமாக இறங்கி நீந்தினார். மல்லாந்து மிதந்து சிரிக்கும்போது சாரா பீவி படமெடுத்தார். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார் விஜயராணி.*

* ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் மறையாது.

3

அழகிரி, விஜயராணியின் கணவருக்கு அண்ணன். ஸ்ரீரங்கத்தில் பெயின்ட் கடை. இரண்டு வருடம் முன்பு, நிறைய விற்றதற்குப் பரிசாகக் கம்பெனி அவரை மற்ற டீலர்களோடு பட்டாயாவுக்கு அனுப்பியது. திரும்பியபோது கடை வாசலில் பேனர்: 'தாய்லாந்து வெற்றிப் பயணம் முடித்துத் திரும்பும் எங்கள் அண்ணன்'. நானே பார்த்தேன். மாலைகூடப் போட்டார்கள்.

அந்த அழகிரிதான் தம்பி மனைவியை விசாரிக்கக் கூப்பிட்டார். ஹாலில் பங்காளிகள். விஜயராணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில்.

"தாய்லாந்துன்னா என்ன மாதிரி ஊருன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும் பெரியத்தான். போயிட்டுத்தானே வந்திருக்கேன்."

"மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"உங்களுக்குப் பேனர் வெச்ச ஊருதான்னு சொல்லுங்க."

"நான் பிசினஸ் விஷயமாப் போனேன்."

"சரி. அங்க எந்தக் கோயிலுக்குப் போனீங்க?"

பங்காளிகள் ஃபேனைப் பார்த்தார்கள்.

(இந்தக் கதையைக் கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியர் இந்த இடத்தில் போன் செய்தார். "சார், தாய்லாந்துன்னா வாசகர் கொஞ்சம் எதிர்பார்ப்பாங்க. அழகிரி அங்க என்ன பாத்தாருன்னு ரெண்டு பாரா..." நான் சொன்ன பதிலை அச்சிட முடியாது.)

காபி டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்த அழகிரியின் மனைவி அமிர்தம், தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ராணி, குகையில வெளிச்சம் விழுதுன்னு போன்ல சொன்னியே, அந்தப் போட்டோ இருக்கா?"

எல்லோர் முன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"பொம்பளைங்க ரெண்டு பேரு தனியாப் போனா யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"அங்க யாரும் கேக்கலக்கா. இங்கதான் கேக்குறாங்க."

4

மாப்பிள்ளைப் பையன் அரவிந்தனைக் கெட்டவனாக எழுத முயன்றேன். முடியவில்லை. அவன் மரியாதையான பையன். அதுதான் எரிச்சல். விஜயராணியின் மகள் கலைமதிக்கு அவனே போன் செய்தான். அம்மாவும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அப்பா அம்மாதான் சங்கடப்படுறாங்க. ஆன்ட்டி ராமேஸ்வரம் போனதா சொல்லிடலாம். ஆன்ட்டி இப்ப டிபியா வெச்சிருக்கிற அந்தப் போட்டோவை மட்டும் எடுத்துட்டாப் போதும்."

விஜயராணி மெதுவாகச் சொன்னார்: "எடுத்துடறேன்டி. ஒரு போட்டோதானே."

ஸ்ரீரங்கத்து ஹாலில் தலை நிமிர்ந்து உட்கார்ந்தவர் சொன்னது இது. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் நான் எதையும் எழுதவில்லை.

கலைமதி போனிடம் சொன்னாள்: "எங்கம்மா போனது தாய்லாந்துதாங்க. கடல்ல நீந்தினாங்க. நல்லா நீந்துவாங்க. வெச்சிடறேன்."

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. வீரவசனம் பேசிவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்று எழுதினால் அது பொய்.

5

முடிவு. ஆசிரியருக்குப் 'பாசிட்டிவா' ஒன்று வேண்டுமாம்.

(அ) அரவிந்தன் மனம் மாறி, பூ பழத்தோடு காட்டூருக்கு வருகிறான். வரவில்லை. வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது.

(ஆ) அழகிரி கண்ணீர் மல்க... இந்த வாக்கியத்தை முடித்தால் என் பேனா என்னை மன்னிக்காது.

(இ) கலைமதிக்கு அவனைவிட நல்ல மாப்பிள்ளை. ஏன்? மாப்பிள்ளை கிடைத்தால்தான் அவள் செய்தது சரியாகுமா?

மூன்றையும் மறுத்தேன். ஆசிரியர் கதையையே மறுத்தார். அதனால்தான் வேறொரு இடத்தில் படிக்கிறீர்கள்.

நடந்தது இது. அமிர்தம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். சாரா பீவிதான் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அழகிரிக்குத் தெரியாது. "இதை எழுதலாமாம்மா?" என்று கேட்டேன். "எழுதுங்க. அவரு கதையெல்லாம் படிக்க மாட்டாரு," என்றார் அமிர்தம். பிறகு, "கல்யாணமாகி முப்பது வருஷத்துல நான் தனியா சமயபுரம்கூடப் போனதில்ல சார்," என்றார்.

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணைக்கு எந்த நாளும் ஆள் வரலாம். அப்போது அழகிரி கடையில் இருப்பாரா, வீட்டில் இருப்பாரா? நான் எழுதப்போவதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் ஒருவரை விசாரித்துக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பக்கத்து வீட்டை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

காலிங் பெல் அடிக்கிறது. வாசலில் போலீஸ்காரர், கையில் அமிர்தத்தின் போட்டோ.

"இந்தம்மா உங்க பக்கத்து வீடுதானே? வெளிநாடு போகணுமாம். எப்படிப்பட்டவங்க?"

சொல்லுங்கள்.